கைதியின் உறவினர் அனுப்பிய 3,000 ரூபாய்: வேலையை விட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா?

மத்தியச் சிறை ஒன்றில் இரண்டாம் நிலைக் காவலராக நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் இளைஞர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன். சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன்.

பொறியியல் படித்த அவர், சீருடைப் பணியாளர் தேர்வு எழுதி, 18,200 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். மணமாகி, ஒரு வயதில் பெண் குழந்தை இருக்கிறது. விசாரணைக் கைதிகள் பிளாக்கில் அவர் பாரா பார்த்த நாட்களில் ஒரு கைதி அவரிடம் மரியாதையாகப் பழகியிருக்கிறார். “சாப்பிட்டீங்களா சார்” என்று தினமும் கேட்பவர் அந்த பிளாக்கிலேயே அவர் ஒருவர்தானாம். ஒரு நாள் மாலை, எண்ணிக்கை முடித்துப் பூட்டுப் போடும் நேரத்தில், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தக் கைதி ஒரு கைபேசி எண்ணைச் சொல்கிறார். வாய்தா தள்ளிப்போய்விட்டது, அது தெரியாமல் அம்மா வெளியூரிலிருந்து பஸ் ஏறிவிடுவார், ஒரு வார்த்தை சொல்லிவிட முடியுமா என்பது கோரிக்கை. காவலர் அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் தன் கைபேசியிலிருந்தே அழைத்துச் சொல்லிவிட்டார். அதன் பிறகு இதேபோல இரண்டு அழைப்புகள். மகளின் முதல் பிறந்தநாளன்று அவருடைய எண்ணுக்கு ஜிபே வழியாக 3,000 ரூபாய் வருகிறது. “பாப்பாவுக்கு டிரஸ் எடுங்க சார்” என்று ஒரு குறிப்பு. அனுப்பியவர் கைதியின் மாமா மகன். திருப்பி அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நாட்கள் ஓடிவிட்டன. அடுத்து வந்த கோரிக்கை ஒரு சிம் கார்டு. மறுத்தபோது, கைதி கோபப்படவில்லை. பணம் வந்த தேதியையும் நேரத்தையும் அமைதியாகச் சொல்லி, “ஸ்கிரீன்ஷாட் பத்திரமா இருக்கு சார்” என்றிருக்கிறார்.

பணம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. காவலர் இப்போது பதினைந்து நாள் மருத்துவ விடுப்பில் வீட்டில் இருக்கிறார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுவிடச் சொல்கிறார் மனைவி. “ரெண்டு நாள் அவனை என்கிட்ட விடு, நான் கவனிச்சுக்கிறேன்” என்கிறார் மூத்த தலைமைக் காவலர் ஒருவர். ஒரே ஒரு முறை கேட்டதைச் செய்து கணக்கை முடித்துவிடச் சொல்கிறார் நண்பர் ஒருவர். வேறு ஊருக்கு மாறுதல் கேட்கலாமா என்பது அவருடைய சொந்த யோசனை. “கைதிக்குச் சட்டம் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, மனித உரிமை ஆணையம் இருக்கிறது, எங்களுக்கு யார் இருக்கிறார்கள் மேடம்” என்று கடிதத்தை முடித்திருக்கிறார். நடுவே ஒரு வரியில், இரவில் காவல் கோபுரத்தில் தனியாக நிற்கும்போது வேண்டாத எண்ணங்கள் வருவதாகவும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள காவலருக்கு,

அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன். சட்டத்தைப் பிறகு பார்க்கலாம். வேண்டாத எண்ணங்கள் இன்னும் வருகின்றன என்றால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மனைவியிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்; 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மருத்துவ விடுப்புக்காகப் பார்த்த அதே மருத்துவரிடம் தூக்கமின்மையை மட்டும் சொல்லாமல் இதையும் சொல்லி, பணிக்குத் திரும்பும்போது சில வாரங்களுக்கு ஆயுதத்துடன் கூடிய இரவு பாராவும் கோபுரப் பணியும் வேண்டாம் என்று மருத்துவப் பரிந்துரையாக எழுதி வாங்குங்கள். அப்படிக் கேட்பது உங்கள் பணிப் பதிவேட்டில் கறையாகிவிடாது. உங்களுக்கு நேர்ந்திருப்பது சிக்கல்தான், ஆனால் வழியில்லாத சிக்கல் இல்லை. வழி என்ன என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

சட்ட உதவி வழக்கறிஞராகப் பல ஆண்டுகள் சிறைகளுக்குப் போய் வந்தவள் நான். திட்டிவாசலில் குனிந்து நுழையும்போது என் பையைச் சோதித்த காவலர்கள் பலரை, பின்னாளில் துறை விசாரணைக் கோப்புகளோடு என் அலுவலகத்தில் சந்தித்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தோடு தொடங்கியவர்கள் அல்லர். தொடக்கம் எப்போதும் உங்களுடையதைப் போலச் சின்னதாகவும் மனிதத்தன்மை உள்ளதாகவும்தான் இருந்திருக்கிறது. ஒரு தகவல், ஒரு கட்டு பீடி, மனு போட்டுக் கைதியைப் பார்க்க வந்த குடும்பத்துக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம். அதை மறைத்ததுதான் அவர்களை மாட்டிவிட்டது.

எங்கே நூல் பிடித்தார்கள்

நடந்ததைப் பின்னோக்கிப் பாருங்கள். உங்கள் கைபேசி எண் அந்தக் குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது, நீங்கள் செய்த முதல் அழைப்பில். அந்த எண்ணை வைத்துத்தான் பணம் வந்தது. மகளின் பிறந்தநாள் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கடிதத்தில் வியந்திருக்கிறீர்கள். நீங்களே சொல்லியிருப்பீர்கள், எட்டு மணி நேரம் ஒரே வராந்தாவில் நடக்கிறவர்கள் யாரிடமாவது வீட்டுக் கதை பேசத்தான் செய்வார்கள். அந்தக் கைதி முதல் நாளிலிருந்தே திட்டம் போட்டுப் பழகினார் என்று நான் சொல்லவில்லை. அம்மா வீணாக அலையக் கூடாது என்ற கவலை உண்மையாகவே இருந்திருக்கலாம். வெளியிலிருந்த மாமா மகனுக்குத்தான் பிறகு இது ஒரு பிடியாகத் தெரிந்திருக்கவும் கூடும். உங்கள் அறிக்கையில் அவருடைய நோக்கத்தை நீங்கள் தீர்மானித்து எழுதாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அந்தக் கோரிக்கையிலும் தவறில்லை, உங்கள் இரக்கத்திலும் தவறில்லை. அது போன வழியில்தான் தவறு. சிறைக்குள்ளேயே கைதிகளுக்குத் தொலைபேசி வசதி இருக்கிறது, சட்ட உதவி மையம் இருக்கிறது, வாய்தா விவரத்தைக் குடும்பத்துக்குச் சொல்ல வழக்கறிஞர் இருக்கிறார். “எழுதிக் கொடுங்க, உதவி ஜெயிலரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்” என்று நீங்கள் சொல்லியிருந்தால், அதே இரக்கம் பதிவேட்டில் ஒரு வரியாக இருந்திருக்கும். பதிவேட்டில் இருப்பதை வைத்து யாரும் உங்களை மிரட்ட முடியாது.

சட்டம் எப்படிப் பார்க்கும்

தமிழ்நாட்டுச் சிறைகள் 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டத்தின்படியும் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறை விதிகளின்படியும் இயங்குகின்றன. அந்தப் பழைய சட்டத்தின் 9ஆவது பிரிவு, சிறை அலுவலர் எவரும் எந்தக் கைதியுடனும் நேரடியாகவோ மறைமுகமாகவோ பணக் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. “மறைமுகமாக” என்ற சொல்லைக் கவனியுங்கள். பணத்தைக் கைதி தரவில்லை, மாமா மகன்தான் தந்தார் என்ற உங்கள் வாதம் அந்தச் சொல்லின் முன்னால் நிற்காது. 42ஆவது பிரிவு, தடை செய்யப்பட்ட பொருளைச் சிறைக்குள் கொண்டுவருவதையும், தெரிந்தே அதை அனுமதிக்கும் அலுவலரையும், விதிக்கு மாறாகக் கைதியோடு தொடர்பு ஏற்படுத்துவதையும் குற்றமாக்குகிறது. 1894இல் எழுதப்பட்டபடி அதற்கான தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருநூறு ரூபாய் என்று படித்துவிட்டுச் சிரிக்க வேண்டாம். அதோடு நிற்பதில்லை.

1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 7ஆவது பிரிவு இருக்கிறது. பொது ஊழியர் தன் கடமையை முறைகேடாகச் செய்வதற்காகவோ, அப்படிச் செய்ததற்குப் பரிசாகவோ ஆதாயம் பெற்றால், குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. “ஐயாயிரத்துக்குக் கீழே என்றால் லஞ்சத்தில் வராது என்று சொல்கிறார்களே” என்று கேட்டிருக்கிறீர்கள். யார் சொன்னார்களோ தெரியாது. சட்டத்தில் அப்படி ஒரு வரம்பு கிடையாது. ஐந்நூறு ரூபாய் வாங்கியவர்கள் மீது வழக்கு நடத்தித் தண்டனை வாங்கித் தந்திருக்கிறார்கள். நீங்கள் கேட்காமலே பணம் வந்தது என்பது உங்களுக்குச் சாதகமான செய்திதான். அழைப்புக்கு முன் பேரம் எதுவும் நடக்கவில்லை என்பதும் அப்படியே. ஆனால் வந்த பணம் ஐந்து வாரமாக உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. அந்த ஐந்து வாரத்துக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். அது ஆறாவது, ஏழாவது வாரமாக நீளுவதற்கு முன்பே பதில் சொல்வது நல்லது.

மறுபக்கமும் இருக்கிறது. உங்களிடம் சிம் கார்டு கேட்டு, தராவிட்டால் அம்பலப்படுத்துவேன் என்று சொன்னவர் சட்டத்துக்கு வெளியே இல்லை. ஒருவருடைய நற்பெயருக்குத் தீங்கு செய்வதாக அச்சுறுத்தி, அவர் சட்டப்படி செய்ய வேண்டியிராத ஒன்றைச் செய்யவைக்க முயல்வது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆவது பிரிவின்படி குற்றமுறு மிரட்டல். அந்த வகையில் நீங்கள் பாதிக்கப்பட்டவரும்கூட. ஆனால், மிரட்டலுக்கு ஆளானவர் என்று உங்களைப் பார்ப்பதா, உடந்தை என்று பார்ப்பதா என்பது, சிம் கார்டு உள்ளே போனதா இல்லையா என்ற ஒரே கேள்வியில் தீர்மானமாகிவிடும். இன்றுவரை போகவில்லை. உங்கள் கையில் இருக்கும் ஆகப் பெரிய பலம் இதுதான்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட நான்கு யோசனைகள்

நண்பர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுவே மிக ஆபத்தானது. “ஒரே ஒரு முறை” என்பது இந்த உறவில் இல்லாத ஒன்று. 3,000 ரூபாய்க்கான ஸ்கிரீன்ஷாட் இன்று அவர்களிடம் இருக்கிறது. சிம் கார்டைக் கொடுத்த மறுநாள், அதைவிடப் பல மடங்கு பெரிய சாட்சியம் அவர்களிடம் இருக்கும். அடுத்து கைபேசி கேட்பார்கள், அதற்கடுத்து கஞ்சா கேட்பார்கள். கஞ்சா என்று வந்துவிட்டால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்துவிடும். அத்துடன், உள்ளே போகும் சிம் எதற்குப் பயன்படும் என்று உங்களுக்குத் தெரியாது. அம்மாவிடம் பேசவும் பயன்படலாம்; வழக்கின் சாட்சியை வீடு தேடிப் போய் மிரட்ட ஆள் அனுப்பவும் பயன்படலாம். இரண்டாவது நடந்தால், அந்தக் குற்றத்தின் விசாரணையில் சிம் உள்ளே வந்த வழியைத் தேடிக்கொண்டு உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

அடுத்தது மூத்த தலைமைக் காவலர் சொன்ன “கவனிப்பு”. உங்கள்மேல் உள்ள அன்பால் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொல்வது ஒரு சிறுகுற்றத்தை மறைக்கப் பெருங்குற்றம் செய்வது. கைதி சிறைக்குள் குற்றம் செய்தால் அதை விசாரிக்கவும் தண்டிக்கவும் சிறைகள் சட்டத்தின் 46ஆவது பிரிவு கண்காணிப்பாளருக்குத்தான் அதிகாரம் தருகிறது. தரப்படும் ஒவ்வொரு தண்டனையும் தண்டனைப் பதிவேட்டில் ஏற வேண்டும். காவலரின் லத்திக்குச் சட்டத்தில் அந்த இடம் இல்லை. திகார் சிறையில் பணம் பறிப்பதற்காக ஒரு கைதியைக் காவலர் சித்திரவதை செய்ததைச் சக கைதி ஒருவர் கடிதமாக எழுத, அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று உச்ச நீதிமன்றம் 1979இல் சுனில் பத்ரா வழக்கில் தீர்ப்பளித்தது. சிறைக்குள் போனதால் ஒரு மனிதர் அடிப்படை உரிமைகளை இழந்துவிடுவதில்லை என்பதை உறுதியாகச் சொன்ன தீர்ப்பு அது. இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். சென்னை சென்ட்ரல் அருகே இருந்த பழைய மத்தியச் சிறையில் 1999 நவம்பர் 17 அன்று கலவரம் வெடித்தது, ஒரு கைதியின் சாவைத் தொடர்ந்துதான். துணை ஜெயிலர் ஒருவர் தீயில் மாண்டார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் இறந்தார்கள். இப்போதெல்லாம் காவலில் ஒருவர் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். நீதித்துறை நடுவர் விசாரணையும் நடக்கும். “ரெண்டு நாள்” என்று தொடங்குவது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த யோசனையை ஏற்றதுபோல் தலையாட்டிக்கூட விடாதீர்கள்.

மாறுதல் கேட்கும் உங்கள் யோசனையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மத்தியச் சிறைகள் புழலில் உள்ள இரண்டையும் சேர்த்து ஒன்பதுதான். காவலர்கள் மாறுவதைப் போலவே கைதிகளும் மாற்றப்படுகிறார்கள். நீங்கள் பையைத் திறப்பதற்குள் செய்தி உங்களுக்கு முன்னால் போயிருக்கும். உண்மையை எழுதிக் கொடுத்த பிறகு, வேறு பிளாக்குக்கோ வேறு சிறைக்கோ மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அப்போது அதற்கு ஒரு பொருள் இருக்கும்.

மனைவி சொன்னது இரண்டு பகுதி. பணத்தைத் திருப்பிக் கொடுப்பது நியாயமான எண்ணம்தான், ஆனால் ரகசியமாகச் செய்யக் கூடாது. ஜிபேயிலேயே திருப்பி அனுப்பினால், அது அந்தக் குடும்பத்தோடு உங்களுக்கு இருந்த இரண்டாவது பணத் தொடர்பாகத்தான் ஏட்டில் தெரியும். நேரில் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்ததற்குச் சாட்சியே இருக்காது. சந்திப்பை யாராவது படம் எடுத்துவைத்தால் அது இன்னொரு பிடி. தொகையைத் தொடாமல் தனியாக வைத்திருங்கள். அதை எங்கே, எப்படிச் செலுத்த வேண்டும் என்று உத்தரவிடுமாறு கண்காணிப்பாளரிடமே எழுத்தில் கேளுங்கள்.

வேலையை விடுவது பற்றி உங்கள் இருவருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. நாளையிலிருந்து போகாமல் இருந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறீர்கள். மற்ற அலுவலகங்களில் அப்படி நின்றுவிட்டால் துறை நடவடிக்கை வரும். சிறைக் காவலருக்கு அதுவே தனிக் குற்றம். சிறைகள் சட்டத்தின் 54ஆவது பிரிவின்படி, அனுமதி பெறாமலோ இரண்டு மாதம் முன்கூட்டி எழுத்தில் அறிவிக்காமலோ பணியிலிருந்து விலகுகிற சிறை ஊழியரும், விடுப்பு முடிந்தும் வேண்டுமென்றே திரும்பாதவரும், நடுவர் நீதிமன்றத்தில் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கு உள்ளாகலாம். ஆகவே விடுப்பு முடியும் நாளில் நீங்கள் பணியில் இருக்க வேண்டும், அல்லது முறையாக நீட்டிப்புக் கேட்டிருக்க வேண்டும். ராஜினாமா கொடுத்தாலும் அது ஏற்கப்பட்ட பிறகே செல்லும்; ஏற்கப்பட்டாலும் நடந்த குற்றத்துக்கான வழக்கை அது தடுக்காது. இரண்டு மாதம் கழித்து, எல்லாம் தெளிந்த பிறகும் இந்த வேலை வேண்டாம் என்று தோன்றினால் அப்போது தாராளமாக விடுங்கள். பயத்தில் ஓடுவதற்காக விடாதீர்கள்.

எழுதிக் கொடுப்பது எப்படி

இந்த ஐந்தாவது வழியை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. நான் சொல்வது இதைத்தான்: நடந்தது முழுவதையும் நீங்களே கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் இதில் உள்ள ஆபத்தையும் சொல்லாமல் விட்டால் நான் வழக்கறிஞராக இருப்பதில் பொருளில்லை. காவல்துறை அதிகாரியிடம் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. சிறைக் கண்காணிப்பாளர் காவல்துறை அதிகாரி அல்லர். நீங்கள் கையெழுத்திட்டுத் தரும் தாளைத் துறை விசாரணையில் நிச்சயமாகவும், வழக்கு என்று வந்தால் நீதிமன்றத்திலும் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியும். தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரை வற்புறுத்தக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 20(3) பிரிவு. நீங்களாக முன்வந்து எழுதுவதற்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. இவ்வளவும் தெரிந்தே எழுதச் சொல்கிறேன். காரணம், இந்தச் செய்தி எப்படியும் வெளியே வரும். உங்கள் கையெழுத்தில் வருகிறதா, அவர்கள் ஸ்கிரீன்ஷாட்டில் வருகிறதா என்பது மட்டும்தான் இன்னும் முடிவாகவில்லை. எழுதிய வரைவைக் கொடுப்பதற்கு முன், பணி வழக்குகளும் குற்ற வழக்குகளும் நடத்திய ஒரு வழக்கறிஞரிடம் நேரில் காட்டிவிடுங்கள். அந்த ஒரு படியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

அறிக்கை இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தேதி, நேரம், எந்த பிளாக், எந்த எண்ணுக்கு எத்தனை அழைப்பு, பணம் எப்போது வந்தது, சிம் கார்டு எப்போது, எந்தச் சொற்களில் கேட்கப்பட்டது, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள். இவை போதும். “நான் அப்பாவி”, “அவன் பயங்கரமானவன்” போன்ற சொற்கள் வேண்டாம். அழைப்புகளைக் குறைத்து எழுதாதீர்கள்; மூன்று என்றால் மூன்று. அழைப்பு விவரப் பட்டியலை நிறுவனத்திடமிருந்து வாங்கினால் எண்ணிக்கை தெரிந்துவிடும், ஒன்றை மறைத்தால் மீதி இரண்டையும் யாரும் நம்பமாட்டார்கள். கைதி செய்யாததை அவர்மேல் ஏற்றி எழுதவும் கூடாது. அவரும் விசாரணை முடியாத ஒருவர். நீங்கள் எழுதும் ஒரு வரி அவருடைய ஜாமீனைப் பாதிக்கலாம்.

கைபேசியில் எதையும் அழிக்காதீர்கள். ஜிபே குறிப்பு, அழைப்புப் பட்டியல், மாமா மகனின் வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருந்தால் அது, எல்லாம் அப்படியே இருக்கட்டும். வங்கிக் கணக்கு அறிக்கை ஒன்றை எடுத்து இணையுங்கள். அறிக்கையை நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் பெறப்பட்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட மறுத்தால், அன்றே விரைவு அஞ்சலில் கண்காணிப்பாளர் பெயருக்கு ஒரு பிரதியை அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். “வாய்மொழியாகச் சொல்லிட்டேன் சார் பார்த்துக்குவார்” என்று இருந்துவிடாதீர்கள். அந்த சார் மூன்று மாதத்தில் மாறுதலாகிப் போனால் நீங்கள் சொன்னதற்குச் சாட்சி யாருமில்லை.

அதன் பிறகு என்ன நடக்கலாம்

எதுவும் நடக்காது என்று ஆறுதல் சொல்ல மாட்டேன். குறைந்தபட்சம் விளக்கம் கேட்டு மெமோ வரும். குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் துறை விசாரணையும் வரலாம்; ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தம் முதல் அதைவிடக் கடுமையான தண்டனை வரை போகலாம். தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டால் பாதிச் சம்பளத்தை ஒட்டிய பிழைப்பூதியத்தில் சில மாதங்கள் வீட்டை நடத்த வேண்டியிருக்கும். அதற்கு இப்போதே இருவரும் கணக்குப் போட்டுவையுங்கள். குறிப்பாணை தராமல் மூன்று மாதத்துக்கு மேல் ஒருவரைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்திருக்கக் கூடாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பால் உத்தரவு தானாக நீங்கிவிடாது, ஆனால் அதைக் காட்டி மறுபரிசீலனை கேட்கலாம். லஞ்ச ஒழிப்புத் துறைக்குக் கோப்பு அனுப்பப்படும் வாய்ப்பும் இருக்கிறது. தானே முன்வந்து சொன்னதும், தடைப்பொருள் எதையும் உள்ளே கொண்டுபோகாததும், நான்கு ஆண்டுப் பணியில் வேறு புகார் இல்லாததும் தண்டனையை எடைபோடும் எந்த அதிகாரியும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்திகள்.

“எங்களுக்கு யார் இருக்கிறார்கள்” என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியில் ஆதங்கம் இருக்கிறது, ஓரளவு நியாயமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் வேண்டும் என்கிறது. உங்கள் பிளாக்கில் ஒரு இரவில் எத்தனை பேருக்கு ஒருவராக நின்றீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். தனியாக நிற்கிறவரைத்தான் எளிதில் வளைக்க முடியும். ஆனால் சட்டம் உங்களைக் கைவிட்டுவிட்டது என்பது சரியில்லை. குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, பதில் சொல்ல நியாயமான வாய்ப்பளித்து விசாரிக்காமல் உங்களைப் பணியிலிருந்து அகற்றவோ பதவியிறக்கவோ கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 311ஆவது பிரிவு தரும் உறுதி. அந்தப் பிரிவிலேயே சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, குற்ற வழக்கில் தண்டனை பெறுவது. ஆகவே குற்ற வழக்கு வந்தால் அதை அலட்சியமாக விடக் கூடாது. விசாரணை அதிகாரி முன் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், தண்டனை வந்தால் மேல்முறையீடு செய்யவும், அதன் பிறகு உயர் நீதிமன்றத்தை அணுகவும் உங்களுக்கு உரிமை உண்டு. கைதிக்குத் தண்டனை தரும் முன் விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதும், உங்களுக்குத் தரும் முன் விசாரிக்க வேண்டும் என்று சொல்வதும் ஒரே நியாயத்திலிருந்து வருபவைதான்.

விடுப்பு முடிய இன்னும் ஐந்து நாள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே மனைவியோடு உட்கார்ந்து தேதிவாரியாக வரைவை எழுதுங்கள். பல தேதிகள் உங்களைவிட அவருக்குத்தான் சரியாக நினைவிருக்கும். அடுத்த இரண்டு நாளில் வழக்கறிஞரையும் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். இடையில் மாமா மகன் அழைத்தால் எடுக்க வேண்டாம், அழைப்பு வந்த நேரத்தை மட்டும் குறித்துவையுங்கள். திரும்பும் நாளில், மருத்துவத் தகுதிச் சான்றிதழோடு அறிக்கையையும் இரண்டு பிரதிகளாக எடுத்துக்கொண்டு, பிளாக்குக்குப் போவதற்கு முன் நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போங்கள்.